ஒரே பிளாக்பெர்ரி, இரண்டு சட்டம்

2006 பிப்ரவரி 24. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலம், ரிச்மண்ட் நகரில் உள்ள மத்திய மாவட்ட நீதிமன்றம். நீதிபதி ஜேம்ஸ் ஸ்பென்சர் முன்னால் இரண்டு தரப்பு. ஒன்று கனடாவின் ரிசர்ச் இன் மோஷன், சுருக்கமாக ரிம். போகிற இடத்தில் மின்னஞ்சல் படிக்க உதவிய பிளாக்பெர்ரி என்ற கையடக்கக் கருவியைச் செய்த கம்பெனி. மற்றது என்டிபி. அதற்குத் தொழிற்சாலை கிடையாது, கடையில் விற்கும் பொருளும் கிடையாது. கையில் இருந்தது சில காப்புரிமைகள் (பேட்டன்ட்) மட்டும். பிளாக்பெர்ரி சேவையை அமெரிக்காவில் நிறுத்தச் சொல்லித் தடையாணை போடலாமா, வேண்டாமா என்பதுதான் அன்றைய விசாரணை.

வழக்கில் கட்சிக்காரராக இல்லாத மூன்றாவது தரப்பும் அங்கே இருந்தது. அமெரிக்க அரசின் நீதி அமைச்சகம். அவர்கள் சொன்னதன் சாரம் இதுதான்: "நீங்கள் என்ன தீர்ப்பு வேண்டுமானாலும் கொடுங்கள். எங்கள் ஊழியர்கள் கையில் இருக்கும் பிளாக்பெர்ரியை மட்டும் அது தொடக்கூடாது."

இது செல்வாக்கை வைத்துக் கேட்ட சலுகை இல்லை. சட்டத்தில் எழுதியிருக்கும் உரிமை. காப்புரிமைச் சட்டம் அரசை ஒரு மாதிரியும் தனியாரை வேறு மாதிரியும் நடத்துவதை இவ்வளவு வெளிச்சமாகக் காட்டிய வழக்கு வேறு எனக்குத் தெரியாது. அதனால்தான் இருபது வருடம் கழித்தும் இதை எடுத்து எழுதுகிறேன்.

முதலில் கதை. தாமஸ் கம்பானா என்ற பொறியாளர் பேஜர் தொழிலில் இருந்தவர். 1990 வாக்கிலேயே மின்னஞ்சலை ரேடியோ அலை வழியாகக் கையடக்கக் கருவிக்கு அனுப்பும் ஏற்பாட்டை உருவாக்கியிருந்தார். அந்தத் தொழில் கைகூடவில்லை, கம்பெனி நொடித்துப்போனது. 1992-இல் டொனால்ட் ஸ்டவுட் என்ற காப்புரிமை வழக்கறிஞருடன் சேர்ந்து என்டிபியைத் தொடங்கினார். மிஞ்சியிருந்த காப்புரிமைகள் அந்தப் பெயருக்குப் போயின. சில வருடங்களில் பிளாக்பெர்ரி வந்தது. 2000-ஆம் ஆண்டு என்டிபி பல கம்பெனிகளுக்குக் கடிதம் எழுதியது, ரிம்முக்கும் போனது. உரிமம் எடுத்துக்கொள்ள யாரும் முன்வரவில்லை. 2001 நவம்பரில் என்டிபி ரிம் மேல் வழக்குப் போட்டது.

ஜூரி விசாரணையில் ரிம் ஒரு பெரிய தவறு செய்தது. கம்பானாவுக்கு முன்பே இந்த மாதிரி ஏற்பாடு இருந்தது என்று நிரூபிக்க, பழைய மென்பொருள் ஒன்றை நீதிமன்றத்திலேயே ஓட்டிக் காட்டினார்கள். செய்தி போனது, வந்தது. பார்த்தவர்களுக்கு நம்பிக்கை வந்திருக்கும். ஆனால் குறுக்கு விசாரணையில், அதில் ஓடியது அந்தக் காலத்துப் பதிப்பு இல்லை, பின்னாளைய பதிப்பு என்று வெளிப்பட்டது. அந்தச் செயல்விளக்கத்தைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று நீதிபதி ஜூரியிடம் சொல்லிவிட்டார். 2002 நவம்பரில் தீர்ப்பு ரிம்முக்கு எதிராக வந்தது. வேண்டுமென்றே மீறியதாகவும் ஜூரி சொன்னது. இழப்பீடு 2 கோடியே 31 லட்சம் டாலர், அதாவது விற்பனையில் 5.7 சதவீத ராயல்டி கணக்கு. 2003 ஆகஸ்டில் நீதிபதி இழப்பீட்டை ஒன்றரை மடங்காக்கினார். எதிர்த்தரப்பு வக்கீல் செலவு, வட்டி முதலியவற்றையும் சேர்த்தபோது மொத்தம் 5 கோடியே 37 லட்சம் டாலர் ஆனது. கூடவே தடையாணையும் வந்தது. மேல்முறையீடு முடியும் வரை அதை நிறுத்தி வைத்தார்.

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தனியார் கம்பெனி மேல் காப்புரிமை பாயும்போது என்னென்ன வருகிறது? ஜூரி. வேண்டுமென்றே செய்ததற்குக் கூடுதல் தண்டம்; சட்டம் மூன்று மடங்கு வரைக்கும் இடம் கொடுக்கிறது. அப்புறம் எல்லாவற்றுக்கும் மேலாக, "நிறுத்து" என்ற ஒரு சொல். காப்புரிமைக்காரர் கையில் இரண்டு சொற்கள் இருக்கின்றன: "கொடு", "நிறுத்து". "கொடு" என்பதற்குக் கணக்குப் போடலாம், பேரம் பேசலாம். "நிறுத்து" என்பது தொழிலையே இழுத்து மூடும் சொல்.

அமெரிக்க மத்திய அரசிடம் இதில் ஒரு சொல்தான் செல்லும். அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் 28-ஆம் தலைப்பில் 1498-ஆம் பிரிவு இருக்கிறது. காப்புரிமை உள்ள ஒரு கண்டுபிடிப்பை அரசு உரிமம் வாங்காமல் பயன்படுத்தினால், உரிமையாளருக்கு இருக்கும் ஒரே வழி, மத்திய கோரிக்கை நீதிமன்றத்தில் அரசு மேல் வழக்குப் போட்டு நியாயமான, முழுமையான இழப்பீடு கேட்பது. ஜூரி இல்லை. தண்டத் தொகை இல்லை. தடையாணை அறவே இல்லை. "அரசால்" மட்டும் இல்லை, "அரசுக்காக" என்றும் பிரிவு சொல்கிறது. அரசின் ஒப்புதலோடு வேலை செய்யும் ஒப்பந்தக்காரரும் அந்தக் குடைக்குள் வந்துவிடுவார். அவரைத் தனியாக இழுக்க முடியாது.

இந்தப் பிரிவு ஒரே நாளில் வந்ததில்லை. 19-ஆம் நூற்றாண்டில் நிலைமை இதைவிட மோசம். அமெரிக்க நாடாளுமன்றக் கட்டட வளாகத்தில் போட்ட கான்கிரீட் நடைபாதை தன் காப்புரிமையை மீறுகிறது என்று ஷில்லிங்கர் என்பவர் வழக்குப் போட்டார். அரசோடு ஒப்பந்தம் இருந்தால் வழக்குப் போடலாம். அனுமதி இல்லாமல் அரசு எடுத்துக்கொண்டது தீங்கு வகையைச் சேரும், அதற்கு அரசு மேல் வழக்குப் போட வழியில்லை என்று 1894-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அரசு கேட்டுவிட்டு எடுத்தால் பணம் உண்டு, கேட்காமல் எடுத்தால் பணமும் கிடையாது! இந்த அநியாயத்தைச் சரிசெய்யத்தான் 1910-இல் சட்டம் வந்தது. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1918-இல் மறுபக்கத்திலிருந்து சிக்கல் வந்தது. கிராம்ப் என்ற கப்பல் கட்டும் கம்பெனி வழக்கில், அரசுக்குக் கப்பல் கட்டும் ஒப்பந்தக்காரரைக் காப்புரிமைச் சட்டம் தாராளமாகப் பிடிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. போர்க்கப்பல் வேலையே நின்றுவிடுமோ என்று கடற்படை பதறியது. அப்போது கடற்படைத் துறையின் தற்காலிகப் பொறுப்பில் இருந்தவர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட். அவர் எழுதிய கடிதத்தைத் தொடர்ந்து அதே வருடம் ஜூலையில் சட்டம் திருத்தப்பட்டது. ஒப்பந்தக்காரர் குடைக்குள் வந்தது அப்படித்தான்.

ஆக, 1498-ஐ அரசுக்கு வாரிக் கொடுத்த சலுகை என்று சிலர் எழுதுவதை நான் ஏற்கவில்லை. ஒரு கை கண்டுபிடித்தவருக்குப் பணத்தை உறுதி செய்தது, இன்னொரு கை வேலை நிற்காமல் பார்த்துக்கொண்டது. சாலை போட அரசு நிலம் எடுப்பது மாதிரிதான். நிலத்துக்காரர் "தரமாட்டேன்" என்று சொல்ல முடியாது. ஆனால் விலை கொடுத்தாக வேண்டும்.

பிளாக்பெர்ரி வழக்கின் மேல்முறையீட்டில் ஒரு விசித்திரம் நடந்தது. பலர் இதைக் கவனிப்பதில்லை. மின்னஞ்சல்கள் எல்லாம் கனடாவின் வாட்டர்லூ நகரத்தில் இருந்த ரிம்மின் இணைப்பு மையம் வழியாகப் போய்வந்தன. "ஏற்பாட்டின் ஒரு பகுதி கனடாவில் இருக்கிறது, அமெரிக்கக் காப்புரிமை எல்லை தாண்டாது" என்று ரிம் வாதாடியது. மத்தியச் சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2005 ஆகஸ்டில் இதைப் பாதி ஏற்றது. செய்முறைக் காப்புரிமையில் ஒவ்வொரு படியும் உள்நாட்டில் நடக்க வேண்டும், அதனால் அங்கே மீறல் இல்லை என்றது. ஆனால் முழு அமைப்புக்கான காப்புரிமையில், அமைப்பைக் கட்டுப்படுத்துவதும் அதன் பலனை அனுபவிப்பதும் எங்கே என்று பார்க்க வேண்டும். பிளாக்பெர்ரியைக் கையில் வைத்திருப்பவர் அமெரிக்காவில்தானே இருக்கிறார் என்றது.

இந்த அளவுகோலை எங்கிருந்து எடுத்தார்கள்? 1976-இல் வந்த டெக்கா வழக்கிலிருந்து. அதில் பிரதிவாதி தனியார் கம்பெனி இல்லை, அமெரிக்க அரசு. கப்பல்களும் விமானங்களும் திசை அறிவதற்கான ஒமேகா என்ற ரேடியோ ஏற்பாட்டில் ஒரு நிலையம் நார்வேயில் இருந்தது. "அது வெளிநாட்டில் இருக்கிறது, எங்கள் பொறுப்பு இல்லை" என்று அரசு சொன்னதை ஏற்காமல், கட்டுப்பாடும் பலனும் அமெரிக்காவில் என்று நீதிமன்றம் இழப்பீட்டுப் பொறுப்பைச் சுமத்தியது. அங்கே அந்தத் தர்க்கத்தின் விளைவு பணம் மட்டும். ஒமேகா ஒரு நாள்கூட நிற்கப்போவதில்லை. அதே தர்க்கம் முப்பது வருடம் கழித்து ஒரு தனியார் கம்பெனி வழக்கில் வந்து உட்கார்ந்தபோது, அதன் பின்னால் தடையாணை என்ற கத்தி தொங்கியது. வார்த்தை ஒன்றுதான், விழுகிற இடத்தைப் பொறுத்து கனம் வேறு.

சரி, தடையாணைக்கு வருவோம். 2005 மார்ச்சில் 45 கோடி டாலருக்கு இரு தரப்பும் ஒரு சமாதானம் அறிவித்தார்கள். ஜூனில் அது முறிந்தது. 2006 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை எடுக்க மறுத்தது. இனி ஸ்பென்சர்தான் முடிவு செய்ய வேண்டும். அமெரிக்காவில் மட்டும் சுமார் 30 லட்சம் பேர் அப்போது பிளாக்பெர்ரி வைத்திருந்தார்கள். நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் அது இருந்தது. 2001 செப்டம்பர் 11 அன்று செல்போன் தடம் திணறியபோதும் பிளாக்பெர்ரிச் செய்தி போய்ச் சேர்ந்ததைப் பார்த்துத்தான் பிரதிநிதிகள் சபை தன் உறுப்பினர்களுக்கு வாங்கிக் கொடுத்தது. அதனால் அரசு உள்ளே வந்தது. 2005 நவம்பரிலேயே நீதி அமைச்சகம் மனுப் போட்டு, அரசுப் பயனர்கள் யார் யார் என்று பிரித்தெடுக்க அவகாசம் கேட்டது. என்டிபியும் அரசு ஊழியர்களையும் அவசரச் சேவையினரையும் விட்டுவிடலாம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. கேட்க எளிமையாக இருக்கிறது அல்லவா?

செய்து பாருங்கள். வாஷிங்டனில் ஒரு லிஃப்டில் இரண்டு பேர் நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவர் இடுப்பிலும் ஒரே மாதிரி பிளாக்பெர்ரி. இரண்டும் ஒரே நேரத்தில் அதிர்கின்றன. இருவரும் வெளியே எடுத்து, பக்கவாட்டில் இருக்கும் சிறு சக்கரத்தைக் கட்டைவிரலால் உருட்டி ஒரே கடிதத்தைப் படிக்கிறார்கள். ஒருவர் பாதுகாப்புத் துறை அதிகாரி. மற்றவர் அதே துறைக்கு வேலை செய்யும் தனியார் கம்பெனியின் பொறியாளர். அதிகாரியின் கருவி 1498-இன் குடைக்குள் பத்திரமாக இருக்கிறது. பொறியாளருடையது? அவர் கம்பெனி தன் செலவில், தொலைபேசி நிறுவனத்திடம் மொத்தமாக வாங்கிய நூறு கருவிகளில் ஒன்று. காலையில் அரசு வேலைக்காக அதில் கடிதம் எழுதுகிறார்; மதியம் வேறு வாடிக்கையாளருக்கு; சாயங்காலம் வீட்டுக்கு. எந்தக் கடிதம் "அரசுக்காக"? வாட்டர்லூவில் இருக்கும் இயந்திரத்துக்கு இதெல்லாம் தெரியுமா? அதற்குத் தெரிவது ஒரு எண்.

கருவிகள் பெரும்பாலும் தொலைபேசி நிறுவனங்கள் வழியாக விற்றவை. யார் கையில் எது இருக்கிறது என்று ரிம்மிடம் முழுப் பட்டியல் இருக்க வாய்ப்பில்லை. அரசுத் துறைகளும் ஒரே இடத்தில் வாங்குவதில்லை. அதனால்தான் நீதி அமைச்சகம் பதறியது: தடையாணை போட்டுவிட்டு, "அரசு மட்டும் விதிவிலக்கு" என்று ஒரு வரி எழுதினால் போதாது. அந்த ஒரு வரியை நிறைவேற்ற வேண்டியது கனடாவில் இருக்கும் ஒரு தனியார் கம்பெனி. அது ஒரு எண்ணைத் தவறாக வெட்டினால், அரசின் உரிமை காகிதத்தில் மட்டும்தான் இருக்கும்.

இன்னும் உள்ளே போனால் நிலைமை மோசம். "அரசு" என்று பொதுவாகச் சொல்கிறோமே, அமெரிக்கக் காப்புரிமைச் சட்டத்தில் அது ஒன்று இல்லை, குறைந்தது மூன்று. 1498 மத்திய அரசுக்கு மட்டும். மாநில அரசுகளுக்கு வேறு கவசம்: அரசியலமைப்பின் பதினோராவது திருத்தம் தரும் விலக்குரிமை. 1999-இல் ஃபுளோரிடா மாநிலத்தின் கல்லூரிச் சேமிப்புத் திட்டம் பற்றிய வழக்கில், அந்த விலக்குரிமையைப் பறிக்க நாடாளுமன்றம் போட்ட சட்டம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்று தீர்ப்பளித்தது. ஆக, மாநிலத்திடம் காப்புரிமைக்காரர் மத்திய நீதிமன்றத்தில் இழப்பீடு கேட்க முடியாது. ஆனால் இனிமேல் மீறாதே என்று அதிகாரி மேல் ஆணை கேட்க வழி உண்டு. மத்திய அரசிடம் இருப்பதற்கு இது அப்படியே தலைகீழ். நகராட்சிக்கும் மாவட்டத்துக்கும் இந்த இரண்டு கவசமும் கிடையாது. அவை காப்புரிமை முன்னால் ஏறக்குறைய ஒரு கடைக்காரர் மாதிரிதான் நிற்கின்றன. தீப்பிடித்த கட்டடத்துக்கு முதலில் ஓடுவது நகரத் தீயணைப்புப் படை. பாதுகாப்பு அதற்குத்தான் குறைவு.

மாநிலத்தின் கவசம் மாநிலத்தை மட்டும்தான் காக்கும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அதற்குச் சேவை தரும் கம்பெனியைக் காக்காது. கம்பெனியை நிறுத்தினால் மாநிலக் காவல்துறையின் கருவியும் ஊமையாகிவிடும். என் கணிப்பில் 1498-இன் உண்மையான பலம் அரசுக்குத் தரும் விலக்கு இல்லை, "அரசுக்காக" என்ற சொல். கொடுக்கிறவரைக் காக்காமல் வாங்குகிறவரை மட்டும் காத்துப் பயனில்லை என்று 1918-லேயே புரிந்துகொண்டவர்கள் எழுதியது அது.

தனியார் மருத்துவமனையில் இரவுப் பணியில் இருக்கும் டாக்டரை எந்தப் பக்கம் வைப்பது? அரசு ராணுவ மருத்துவமனை டாக்டருக்குச் செய்தி வரும், இவருக்கு நிற்கும். நோயாளிக்கு இரண்டும் ஒன்றுதான். என்டிபி அவசரச் சேவையினரை விட்டுவிடுவதாகச் சொன்னது, சட்டம் கட்டாயப்படுத்தி இல்லை, தானாக. கோடு "யார்" என்பதை வைத்துப் போடப்பட்டிருக்கிறது. "எதற்கு" என்பதை வைத்து இல்லை. இது எனக்கு ஆறவில்லை. அரசு அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டுக்குப் போகலாமா என்று அனுப்பும் கடிதத்துக்கு முழுப் பாதுகாப்பு, மாரடைப்பு வந்தவருக்கு டாக்டரைக் கூப்பிடும் கடிதத்துக்கு இல்லை என்பதை எப்படி நியாயப்படுத்துவது?

நம் நாட்டுச் சட்டம் இதில் கொஞ்சம் வேறு பாதை. 1970-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டத்தில் 156-ஆம் பிரிவு, காப்புரிமை அரசையும் மற்ற யாரையும் போலவே கட்டுப்படுத்தும் என்று தொடங்குகிறது. ஆனால் 99-ஆம் பிரிவு முதல் அரசுப் பயன்பாட்டுக்கென்று தனி அத்தியாயம் இருக்கிறது. மத்திய அரசு தானோ, எழுத்தில் அதிகாரம் கொடுத்தவரோ பயன்படுத்தலாம், அதற்குரிய தொகை கொடுக்க வேண்டும். மருந்து என்றால் 47-ஆம் பிரிவு அரசு தன் மருத்துவமனைகளுக்காக இறக்குமதி செய்துகொள்ளவே இடம் விடுகிறது. "எதற்கு" என்ற கேள்வி இங்கே கொஞ்சமாவது உள்ளே வந்திருக்கிறது.

ரிச்மண்டுக்குத் திரும்புவோம். அன்றைய விசாரணையில் ஸ்பென்சர் தடையாணை போடவில்லை, முடிவை ஒத்திவைத்தார். இதை நீங்களே பேசித் தீர்த்திருக்க வேண்டும் என்ற தன் ஏமாற்றத்தையும் மறைக்கவில்லை. இதற்கிடையில் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் என்டிபியின் காப்புரிமைகளை மறுபரிசீலனை செய்து ஒவ்வொன்றாக நிராகரித்துக்கொண்டிருந்தது. ரிம் மாற்று மென்பொருள் தயார் என்று அறிவித்திருந்தது. அப்படியும் மார்ச் 3 அன்று ரிம் பணம் கொடுத்துத் தீர்த்தது: 61 கோடியே 25 லட்சம் டாலர்.

ஜூரி போட்ட தொகை 2 கோடியே 31 லட்சம். நடுவில் மூன்று வருடத்தில் பிளாக்பெர்ரி விற்பனை பல மடங்கு பெருகியது உண்மை, ராயல்டியும் கூடத்தான் செய்யும். ஆனால் ஆட்டம் கண்டுகொண்டிருந்த காப்புரிமைகளுக்கு இவ்வளவு பெரிய தொகை கண்டுபிடிப்பின் விலையாக எனக்குத் தெரியவில்லை. அது "நிறுத்து" என்ற சொல்லை என்டிபி வாயிலிருந்து வாங்கிக்கொண்ட விலை. மறுபரிசீலனையில் விழுந்தவற்றில் பெரும்பாலானவை 2011-இல் மேல்முறையீட்டிலும் எழவில்லை. கம்பானா இந்தப் பணத்தைப் பார்க்கவில்லை. 2004-இலேயே புற்றுநோயில் இறந்துவிட்டார். அவர் உண்மையில் ஒன்றைக் கண்டுபிடித்தவர் என்பதை நான் சந்தேகிக்கவில்லை. அவருக்கு நியாயமான பங்கு சேர வேண்டியதுதான்.

இரண்டு மாதம் கழித்து, மே 15 அன்று, ஈபே வழக்கில் உச்ச நீதிமன்றம் விதியையே மாற்றியது. காப்புரிமை மீறல் நிரூபணமானால் தடையாணை தானாக வந்துவிடாது. ஈடுசெய்ய முடியாத சேதமா, பணம் போதாதா, யாருக்குக் கஷ்டம் அதிகம், பொதுநலன் என்ன என்று நான்கு கேள்விகளையும் கேட்க வேண்டும் என்றது. பொருள் செய்யாமல் காப்புரிமையை மட்டும் வைத்துப் பேரம் பேசும் கம்பெனிகளைப் பற்றி நீதிபதி கென்னடி தனியாக எச்சரித்து எழுதினார். அந்தத் தீர்ப்பு பத்து வாரம் முன்னால் வந்திருந்தால் ரிம்மின் காசோலை இந்த அளவுக்கு இருந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

இதே நாட்டில் அரசு பிரதிவாதியாக நின்ற ஒரு வழக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அலபாமாவில் ரிட்டர்ன் மெயில் என்ற சிறு கம்பெனி. முகவரி தவறித் திரும்பி வரும் தபால்களைப் பார்கோடு வைத்துக் கையாளும் முறைக்குக் காப்புரிமை வைத்திருந்தது. அமெரிக்கத் தபால் துறை அதே மாதிரி முறையைக் கொண்டுவந்தது. 2011-இல் கம்பெனி கோரிக்கை நீதிமன்றத்துக்குப் போனது. தபால் துறை, எந்தத் தனியார் கம்பெனியும் செய்வது மாதிரி, காப்புரிமை அலுவலகத்தின் மேல்முறையீட்டு வாரியத்திடம் போய் அந்தக் காப்புரிமையையே ரத்து செய்யக் கேட்டது. வாரியமும் ரத்து செய்தது.

2019 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்று அதைத் திருப்பியது. அந்த வாரியத்திடம் போக "நபர்" என்பவருக்குத்தான் சட்டம் வழி கொடுக்கிறது, மத்திய அரசு "நபர்" ஆகாது என்று நீதிபதி சோடோமேயர் எழுதினார். அவர் சொன்ன காரணங்களில் ஒன்று நம் கதையோடு நேராகப் பொருந்துகிறது: தனியாருக்குத் தடையாணை பயம் இருக்கிறது, ஜூரி இருக்கிறது, தண்டத் தொகை இருக்கிறது, அரசுக்கு இவை எதுவும் இல்லை. பயம் இல்லாதவருக்கு அந்தக் குறுக்கு வழியும் வேண்டாம் என்று நாடாளுமன்றம் நினைத்திருப்பதில் நியாயம் உண்டு. வழக்கு நடக்கும் நீதிமன்றத்திலேயே காப்புரிமை செல்லாது என்று அரசு வாதாடிக்கொள்ளலாம்.

வழக்கு பழையபடி கோரிக்கை நீதிமன்றத்துக்கு வந்தது. 2022-இல் தபால் துறை 1 கோடியே 20 லட்சம் டாலருக்கு மேல் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பானது. வழக்குப் போட்டுப் பதினோரு வருடம். அந்தப் பதினோரு வருடத்தில், இந்த வழக்கைக் காட்டி ஒரு தடையாணை கேட்க அந்தக் கம்பெனிக்கு வழியே இருக்கவில்லை. திரும்பி வந்த தபால்கள் வழக்கம்போல் இயந்திரத்தின் ஊடாக ஓடிக்கொண்டிருந்தன.